லாபிர் நானாவின் நித்திரை மருந்து

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகளை வானுக்குள் ஏற்றும்போதே லாபிர் நானா சண்டைக்கு விதை போட்டுவிடுவார். கயிறு சுற்றிய போர்வைப் பையைத் தட்டிப் பார்த்து, “இது மனிசிக்கா தம்பி, அம்மாக்கா?” என்பார். அவ்வளவுதான். மினுவாங்கொடை தாண்டுவதற்குள் பின் சீற்றில் மாமியும் மருமகளும் தொடங்கிவிடுவார்கள். அவர் தன் பாட்டில் ஓட்டுவார், கண் இரண்டும் பளிச்சென்று.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் அவருடைய வெள்ளை வானைத் தெரியாதவர் குறைவு. கட்டார், குவைத் என்று போய் வருகிறவர்களை இரவிரவாக ஊருக்குக் கொண்டுவருவது அவர் தொழில். கிண்ணியாக்காரர், பருத்த மனிதர், தோளில் எப்போதும் ஈரத்துவாய். நித்திரையைக் கலைக்கத் தேநீர் குடிக்க மாட்டார். “அதைக் குடிச்சா நித்திரை போகாது அக்கா, ஒவ்வொரு பத்தை மறைவுக்கும் வானை நிப்பாட்டத்தான் வேணும். மத்தவன் சண்டை புடிச்சா எனக்குக் கண் மூடாது.”

சண்டைகளைத் தூரத்தால் அளந்து வைத்திருக்கிறார். “சென்ற் போத்தல் குருநாகல் வரைக்கும்தான் போகும். நல்ல போர்வை எண்டா தம்புள்ளை. காணிக் கதை வந்துதோ, வீட்டு வாசல் வரைக்கும் பயமில்லை.”

போன மாதம் என் தங்கை சுலோஜனாவின் புருசன் கஜீபன் கட்டாரிலிருந்து வந்தார். கூட்டிவர நாங்கள் இருவரும் போனோம். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு லீவு கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் சொன்னவர் அவர். அன்று வாயை மூடியவள் இவள். விமான நிலைய வாசலிலும் “வாங்கோ” என்றாளே தவிர, அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவள் ஒரு யன்னல், அவர் ஒரு யன்னல், நடுவில் சொக்கிலேற் பை.

லாபிர் நானா போர்வைக் கதையைப் போட்டுப் பார்த்தார். சென்ற் போத்தலைப் போட்டுப் பார்த்தார். துணிந்து காணிக் கதையையும் எடுத்தார். ஒன்றும் கொத்தவில்லை. தம்புள்ளையில் முதல் கொட்டாவி விட்டார். ஹபரணை தாண்டிக் காடு தொடங்கியபோது வான் ஒருதரம் மெல்ல வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டு வந்தது.

“கொஞ்சம் நிப்பாட்டிப் படுங்கோவன் நானா” என்றேன்.

“இதுக்குள்ளயா? யானை வந்து பெட்டியைப் பிரிச்சுப் பாக்கும்.”

நான் கோணேசரை நினைத்துக் கைகூப்பினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“அக்கா, கும்புடுங்க, நல்லம். ஆனா கண்ணை மூடாதீங்க. அதைப் பாக்க எனக்கும் மூடிக்கொண்டு வருது.”

சிறிது தூரம் போனதும், ஈரத்துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெரும் பொய்யைச் சொன்னார்.

“தம்பி, சொல்லக்கூடாது. இந்தப் புள்ள வரமாட்டன் எண்டு நிண்டவ. அக்காதான் கையில புடிச்சு இழுத்து ஏத்தினவ.”

“ஆர் சொன்னது?” சுலோஜனா சீறி எழும்பினாள். “மத்தியானமே வெளிக்கிட்டுக் கேற்றடியில நிண்டனான்! வான் பிந்தினதெண்டு உங்களைத்தானே ஏசினனான்!”

“மத்தியானமேயோ?” என்றார் கஜீபன். அதுதான் அவர் வாய் திறந்த முதல் தரம்.

“பின்னை? உங்களைப்போல எண்டு நினைச்சியளோ? சாமத்தியவீட்டண்டு வீடியோ கோல் போட்ட ஃபோனையே பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டவள். தூக்கிப் பிடிச்சு என்ர கை நொந்தது!”

“பாத்தனான்தானே!”

“என்னத்தைப் பாத்தனீங்கள்?”

“உன்ர கொண்டைமாலை கழண்டு முதுகில தொங்கினது. ஒருத்தரும் உனக்குச் சொல்லேல்லை. நான் அறைக்குள்ள நிண்டு ‘மாலை, மாலை’ எண்டு கத்தினனான். பக்கத்துக் கட்டில்காரன் எழும்பி ஏசினவன்.”

சுலோஜனா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்தாள். சிரிப்போடு கொஞ்சம் அழுதாள். சொக்கிலேற் பை கீழே இறங்கியது. அதன்பிறகு பின்னால் குசுகுசுப்பு. பிறகு அதுவும் இல்லை.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. லாபிர் நானாவுக்கோ மறுபடி கொட்டாவி வந்தது. ஒரு போர்வை ஓடும் தூரம்கூட அந்தச் சண்டை ஓடவில்லை. கந்தளாய்க்கு இன்னும் காடு கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

வானை ஓரமாக நிறுத்தி, ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். முதல் மணியிலேயே மறுபக்கம் எடுத்தார்கள். அவர் மனைவி நஜ்முன் நிஸா.

“உன்ட தங்கச்சி அவிக்கிறதுதான் புட்டு” என்றார் இவர். “நீ அவிக்கிறது சீமெந்து.”

நஜ்முன் நிஸா கேட்டார்:

“காட்டுக்குள்ளயா நிக்கிறீங்க?”

“ஓம்.”

“அப்ப கேட்டுக்கொள்ளுங்க” என்று அந்த அம்மா தொடங்கினார்.

லாபிர் நானா ஃபோனை முன்கண்ணாடியில் சாத்தி வைத்தார். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, கியரைப் போட்டார்.