மானுக்கான தோட்டா

ஜெர்மனியில் கொலோன் நகருக்கு வெளியே, காட்டோரக் கிராமத்து உணவகம் ஒன்றில் அப்போது கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி வேட்டைக்காரர். இலையுதிர்காலம் வந்தால் மனுஷனுக்குக் கடை நினைவே இருக்காது. சமையலறை மேசையில் தோட்டாப் பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, கலியாணச் சேலை எடுக்க வந்தவரைப் போல யோசிப்பார். சின்ன மானுக்கு எடை குறைந்த சன்னம். மரையளவு பெரிய செம்மானுக்குக் கனமானது. இரண்டிலும் முனையில் ஈயம் வெளியே தெரியும். உடம்புக்குள் போனதும் அது விரிந்துவிடும் என்பார். அது எனக்கும் தெரியும்; இறைச்சியில் நைந்த பகுதியை வெட்டி எறிகிற வேலை என் தலையில்தான் விழுந்தது.

என் அறையில் தங்கியிருந்த அண்ணையும் அங்கேதான் உருளைக்கிழங்கு உரித்தார். ஊரில் இராணுவம் சுட்டபோது ஒரு சன்னம் அவர் தோளைத் துளைத்துப் போயிருந்தது. அகதி விசாரணையில் சட்டையைக் கழற்றிக் காட்டினார். இத்தனை சிறிய தழும்பு துப்பாக்கிச் சூட்டுக்காயமாக இருக்காது, சூடுபட்டவர் அவ்வளவு தூரம் ஓடியிருக்கவும் முடியாது என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் முதலாளி கொண்டுவந்த மானின் தோளில், சன்னம் வெளியேறிய இடத்தில், என் கைமுட்டி போகுமளவு ஓட்டை. அண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, சூடு பட்டால் இப்பிடியெல்லோ இருக்கும். என்னை விசாரிச்ச ஆள் சொன்னதிலை என்ன பிழை?"

சொந்தக் காயத்தையே சந்தேகிக்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன பேச்சு என்று முதலாளி கேட்டார். சொன்னேன். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அண்ணையின் தோளை முன்னும் பின்னும் பார்த்தார். வழக்கு என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

வழக்கன்று வேட்டைக்குப் போகிற பச்சைக் கோட்டோடு வந்து சாட்சி சொன்னார். இராணுவத்துச் சன்னத்தைக் கடினமான உலோகம் முனைவரைக்கும் மூடியிருக்கும். பெரும்பாலும் அது விரியாமல், சின்னத் துளையோடு மறுபக்கம் போய்விடும் என்றார். "அது பட்ட மான் உடனே விழாது, ஓடும். எங்காவது பற்றைக்குள் கிடந்து வதைபட்டுச் சாகும். அதனால் அந்தச் சன்னத்தால் மானைச் சுட எங்களுக்கு அனுமதியில்லை."

நீதிபதி அண்ணையை நம்பினார். அண்ணை இந்த நாட்டில் இருக்கலாம் என்று தீர்ப்பானது.

வெளியே வந்து முதலாளிக்குக் கைகொடுத்தோம். அவர் காரை எடுக்கப் போனார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அண்ணை படியில் குந்திவிட்டார்.

"மொழிபெயர்த்தவர் சொன்னது மெய்யோ? மான் வதைபடக் கூடாதெண்டு இஞ்சை சட்டமோ?"

"ஓம் அண்ணை."

சந்தோஷம் வரவேண்டிய முகத்தில் அவமானம் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்களைச் சுடுறவங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையோ, தம்பி?"

எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றேன்.