பாசி மேலே வரும் காலை

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் வருடம். முதலாமாண்டு தாவரவியல் மாணவர்களுக்கு வாரம் இரண்டு வகுப்பு நானும் எடுக்க வேண்டும் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அதுவரை நான் பேசிப் பழகியதெல்லாம் ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவைகளோடுதான். அவற்றில் நீலப்பச்சைப் பாசி வளர்த்துக்கொண்டிருந்தேன்.

கூட ஆய்வு செய்த தோழிக்கும் அதே உத்தரவு. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வேலப்பன்சாவடியில் எங்கள் கல்லூரியில் மூன்று மணிக்கு மேல் ஒரு வகுப்பறை காலியாகக் கிடக்கும். அங்கே ஒத்திகை பார்ப்போம்; ஒருத்தி பாடம் நடத்துவாள். மற்றவள் மாணவியாகக் கடைசி பெஞ்சில் உட்காருவாள். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் மின்விசிறிச் சத்தத்தில் கரைந்து எங்கோ கடல் இருப்பதுபோல் கேட்கும். பேசப் பேச, என் குரல் வேறு யாருடையதோ என்று தோன்றும்.

"போர்டைப் பார்த்தே பேசாதடி, நான் இங்க இருக்கேன்" என்பாள்.

நிஜ வகுப்பின் இரண்டாம் வாரம், நூம்பலிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், எங்க ஊட்டாண்ட ஒரு குளம் கீது. காலைல மேல பச்சையா மூடிகினு கீது. மதியானம் பாத்தா காணோம். எங்க மிஸ் போவுது?"

என் குடுவைகள் ஆட்டும் இயந்திரத்தின் மேல் ஓயாமல் சுழல்பவை. அசையாத நீரில் பாசி என்ன செய்யும் என்று நான் பார்த்ததே இல்லை. வகுப்பு மொத்தமும் என்னையே பார்த்தது.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு வாங்க மிஸ், காட்றேன்."

மறுநாள் விடிந்ததும் தோழியும் நானும் போனோம். காற்றே இல்லை. குளம் பச்சைப் பட்டு விரித்ததுபோல் கிடந்தது. மூவரும் கரையில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது, காற்று எழுந்தது. பச்சை விரிசல் விட்டு, நூல்நூலாகப் பிரிந்து, மெல்ல நீருக்குள் கலந்தது. எத்தனை நேரம் ஆனதென்று தெரியவில்லை. கொண்டுபோன குறிப்பேட்டை நான் திறக்கவேயில்லை.

"டெய்லி இப்டிதான் மிஸ்" என்றாள் அவள்.

அடுத்த வகுப்பில் அந்தக் குளத்தை வரைந்தேன். பாசியின் உயிரணுவுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுப்பைகள், அமைதியான நீரில் அது மிதந்தெழுவது, காற்று அதைக் கலைப்பது என்று மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே போனேன். பிறகு நெறியாளரிடம் கேட்டு, அதை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகவே சேர்த்துக்கொண்டேன். ஆறு மாதம் என் காலைகள் நூம்பலில்தான் விடிந்தன.