கன்னியம்மா அக்காவின் இரண்டாவது ஷிப்ட்

கன்னியம்மா அக்கா இறந்துபோன செய்தி போன வியாழக்கிழமை காலை நாவலூரில் என் அலுவலகத்துக்கு வந்தது. போனில் பேசியது அவருடைய மகள். "அம்மா பூட்ச்சுக்கா. காலைல நெஞ்சு வலின்னுச்சு, அவ்ளோதான்." சரி என்றேன். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு பாதியில் விட்டிருந்த மெயிலை முடித்து அனுப்பினேன். அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் பி.சி.ஏ. வகுப்புத் தோழர்களே, உங்களுக்கு அக்காவைத் தெரியும். தாம்பரம் கல்லூரியில் மூன்று வருடம் என் சக்கர நாற்காலியைத் தள்ளியவர். உங்களில் பாதிப் பேருக்கு வஞ்சிர மீனுக்கும் பாறை மீனுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்தவர். அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

நான் முதலில் சேர்ந்தது காலை ஷிப்டில், ஆங்கில இலக்கியம். போலியோவில் இரண்டு கால்களும் போனவள் என்பதால் சேர்வதற்கு முன்பே அப்பா பிரின்சிபாலைப் பார்த்து எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார். வகுப்பு தரைத்தளத்தில். படிக்கு மேல் சாய்வாக ஒரு பலகை. ஆட்டோ வாசல்வரை வரலாம். பாத்ரூம் போவதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அப்பாவுக்குக் கூச்சம், பிரின்சிபாலுக்குக் கூச்சம், எனக்கு அவர்களைவிடக் கூச்சம். முதல் இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு டீச்சரம்மாவான என் அம்மா கூடவே வந்தாள். லீவு தீர்ந்ததும் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் எழுந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் பரீட்சைக்கு மட்டும்தான் திறக்கும்.

இரண்டே மாதத்தில் நீர்க்கடுப்பு, குளிர்க்காய்ச்சல். அம்மா வேலையை விடுகிறேன் என்றாள். அப்பா அஞ்சல்வழிக் கல்விக்கு விண்ணப்பம் வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு கேட்டருகே வாராவாரம் மீன் கூடையை இறக்குபவர் கன்னியம்மா அக்கா. அன்று சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே இதைப் பற்றிய எங்கள் சண்டை முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"பதினோரு மணிக்கு நம்ம கூடை காலி. அப்பால சும்மாதான் கீறேன். மத்தியானத்துல காலேஜ் கெடையாதா?" என்றார்.

இருந்தது. மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும் இரண்டாவது ஷிப்ட். அதில் இலக்கியம் இல்லை, பி.சி.ஏ. இருந்தது. நான் கம்ப்யூட்டர் படித்ததற்குக் காரணம் கம்ப்யூட்டர் மோகமல்ல, மீன்.

அம்மா சம்பளத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தபோது அக்கா நேராகவே சொன்னார். "சும்மா வந்தா நாலு நாள்ல சலிச்சுப்பூடும் டீச்சர். சம்பளம் குடு, வேலையா வரேன்." எங்கள் வீட்டிலேயே குளித்து, வேறு புடவை கட்டி, முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு கிளம்புவார். கிளம்பும் முன் என் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை முறைத்துக்கொண்டு நிற்பார். ஒரு நாளும் விட்டதில்லை.

எங்களுக்குள் சண்டையும் வந்தது. ஒரு நாள் வராண்டாவில், பையன்கள் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். "பாப்பா, பாத்ரூம் போவணுமா?" எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல், "அக்கா, சாரி, கொஞ்சம்..." என்று முனகினேன்.

"இன்னாத்துக்கு சாரி? மீன் வாங்க வர்றவங்க என் காதுல வந்து குசுகுசுன்னா கேக்கறாங்க? வோணும்னா வோணும்னு சத்தமா சொல்லு. உள்ளயே வெச்சிகினா யாருக்குத் தெரியும்?"

அன்று எனக்குக் கோபம் தீரவில்லை. மூன்று வருடம் ஆயிற்று தீர. நாவலூரில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தினம் இரண்டு வேளை பாத்ரூம் போக எனக்கு உதவ ஒரு பெண் வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர்தான் கூச்சத்தில் தலை குனிந்துகொண்டார்.

வியாழக்கிழமை மதியம் அக்காவின் குப்பத்துக்குப் போனேன். ரோட்டிலிருந்து அவர் வீடுவரை ஒரே மணல். நாற்காலியின் சக்கரங்கள் பாதிவரை புதைந்து நின்றுவிட்டன. "இங்கேருந்தே கும்பிட்டுக்கோங்க மேடம், இதுக்கு மேல போவாது" என்றார் நாற்காலியைத் தள்ளி வந்த கார் டிரைவர். தூரத்தில் பந்தல் தெரிந்தது. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் எதுவுமே அசையவில்லை.

முன்பின் தெரியாத ஆண்கள் சிலர் வலைக்குவியலருகே நின்றிருந்தார்கள். பறைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கூப்பிட்டேன். "அண்ணா, நாலு பேர் வாங்க. என்னைத் தூக்கினு போய் அக்கா பக்கத்துல உக்கார வைக்கணும்."

வந்தார்கள். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அக்காவின் தலைமாட்டில் இறக்கினார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. எனக்கு வேண்டியதைச் சத்தமாகக் கேட்க மட்டும் வந்தது. அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான்.