கோழி மேல போட்ட பழி

எங்கக்கா ஜாக்கெட்டக் கழட்டி நெஞ்சக் காட்டுனதப் பத்தி எழுதலாமான்னு மச்சான்கிட்ட கேட்டேன். அக்கா புருசன் அவரு. துண்டால மொகத்தத் தொடச்சுக்கிட்டாரு. அப்பறம், "அவ இருந்தா சந்தையில நின்னே சொல்லியிருப்பா. எழுது புள்ள"ன்னாரு. நான் அஞ்சாப்பு வரைக்குந்தான் போனவ. பேசறாப்புலதான் எனக்கு எழுத வரும்.

அக்கா போயி இன்னும் ஒரு வருசம் ஆகல. அவ சேலையத்தான் மடிச்சுப் போட்டுத் தூங்கறேன்.

நாமக்கல்லுக்கு வெளிய ஒரு கோழிப்பண்ணையில நாங்க மூணு பேரும் வேல செஞ்சோம். மச்சான் தீவன மூட்டை எறக்குவாரு. அக்காளும் நானும் முட்டை பொறுக்கறது, தண்ணி ஊத்தறது, செத்த கோழிய எடுத்துக் குழியில போடறது. பண்ணைக்குள்ளயே ஒரு ஓட்டு ஊடு குடுத்திருந்தாங்க. எங்கம்மா, நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே மார்ல கட்டி வந்து செத்துட்டா. அவ தங்கச்சி, மல்லசமுத்திரத்துச் சித்தி, அவளும் அப்புடியேதான் போனா. ஆனா எங்க ஒறம்பரையில, சொந்தக்காரங்க யாரும், அத வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. கேட்டா நெஞ்சு நோவும்பாங்க. அதோட முடிஞ்சுது.

பண்ணையில சில கோழி நல்லாத் தின்னுட்டுத்தான் இருக்கும். திடீர்னு எளச்சுப்போயி செத்துரும். கால்நடை டாக்டரு வந்து அறுத்துக் காட்டுவாரு. ஈரல்ல வெள்ள வெள்ளையாக் கட்டி இருக்கும். அக்கா அதையெல்லாம் வெறுங்கையில தூக்கித்தான் போடுவா.

அதனால அவளுக்குக் கட்டி வந்தப்ப ஊரே கோழியக் கை காட்டுச்சு.

எண்பத்தாறாம் வருசம் ஒரு நா, குளிக்கறப்ப அவ கைக்குத் தட்டுப்பட்டிருக்குது. அம்மா மாதிரி மறச்சு வெக்கல. தல ஈரங்கூடக் காயல, மச்சான்கிட்ட சொல்லிட்டா. சேலத்து ஆஸ்பத்திரியில சேத்து ஒரு பக்கத்து மாரையே எடுத்துட்டாங்க.

சித்தப்பா, செத்துப்போன சித்தியோட புருசன், சாத்துக்குடியும் பன்னும் வாங்கிக்கிட்டுப் பாக்க வந்தாரு. அவருக்கு ஒரே மக. அவளுக்கு எடப்பாடியில தறி ஓட்டற மாப்ள பாத்து, தை மாசம் கல்யாணம்னு பேசி முடிச்சிருந்தாங்க.

"எல்லாம் அந்தக் கோழி ஒட்டுனது சாமி. பாவம், உனக்குன்னு வந்து வாச்சுது பாரு"ன்னாரு.

கூட வந்தவங்க எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. அவங்க மொகத்துல ஒரு நிம்மதி. அது எனக்கு அப்பப் புரியல. கோழிமேல பழியப் போட்டுட்டா எங்க ஊட்டுப் பொண்ணுகளுக்கு ஒரு கொறையும் இல்லன்னு ஆயிருதுல்ல.

மறுநா டாக்டரம்மா கட்டுப் பிரிக்க வந்தாங்க.

"ஏம்மா, உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இது இருந்துச்சா?"

"எங்கம்மாளுக்குங்க. சித்திக்குங்க"ன்னா அக்கா. அப்பறம், "ஏனுங்க டாக்டரம்மா, இது கோழியில இருந்து ஒட்டுனது இல்லீங்களா?"

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. ஒடம்பு பூராவும் கண்ணுக்குத் தெரியாத செல்லுதானாம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் வளருன்னும் போதும் நில்லுன்னும் சொல்றதுக்கு ஜீனுன்னு இருக்குமாம். அது பெத்தவங்ககிட்ட இருந்து வர்றதாம்.

"நல்ல செல்லு, பக்கத்துச் செல்லு இடிச்சா நின்னுக்கும். ஜீன் கெட்டுப்போன செல்லு நிக்காது. பெருகிட்டே போகும். அப்பறம் கூட்டத்த உட்டுப் பிரிஞ்சு, ரத்தத்துல ஏறி, எலும்புக்கோ நுரையீரலுக்கோ போயி அங்கயும் குடியேறிக்கும். சில குடும்பத்துல அந்தக் கோளாறு வழிவழியா வருது. எந்த ஜீன்னு இன்னும் புடிபடல, தேடிட்டுத்தான் இருக்காங்க."

"அப்ப கோழி?"

"கோழிக்கு வர்றது கிருமியால. அது மனுசங்களுக்கு ஒட்டாது. ஆனா கேட்டுக்கோ, அந்த மாதிரி கோழிக்கட்டி ஒண்ண ஆராஞ்சுதான் வெளிநாட்டுல மொதல்ல இப்படி ஒரு ஜீனக் கண்டுபுடிச்சாங்க. தேடிப் பாத்தா அது நல்லா இருக்கற கோழிக்குள்ளயும் இருந்துச்சு, மனுசங்களுக்குள்ளயும் இருந்துச்சு."

"அப்ப எங்க கோழிகளுக்கும் டாக்டரு சம்பளம் குடுக்கோணுமுங்க"ன்னா அக்கா. பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த வயசான அம்மா ஒருத்தங்க சிரிச்சு, தையல் வலிக்குதுன்னு திட்டுனாங்க.

டாக்டரம்மா அப்பவே என்னையும் திரைக்குப் பின்னால கூட்டிட்டுப் போயிப் பாத்தாங்க. ஒண்ணுமில்ல. "வேற பொண்ணுக இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க.

"சித்தி மக இருக்கறா"ன்னா அக்கா. அதுக்கப்பறம் அன்னைக்கு முழுக்க அவ தமாசே பேசல.

ஊட்டுக்கு வந்து மச்சானுக்கு அவதான் வெளக்கஞ் சொன்னா. "நம்ம ஷெட்டுல லைட்ட அணைக்காம உட்டா என்ன ஆகும்? கோழி பொழுது போனதே தெரியாம தின்னுக்கிட்டே இருக்குமல்ல? எங்க ஊட்டுப் பொம்பளைகளுக்கு உள்ளுக்குள்ள எங்கயோ அந்த சுச்சு கெட்டுப் போயிருக்குது. சித்தி மகளுக்கும் கெட்டிருக்குதான்னு பாத்தரோணும்."

"கல்யாணம் முடியட்டும். பொறவு பக்குவமாச் சொல்லிக்கலாம்"னாரு மச்சான்.

"எங்கம்மாளும் தீவாளி போகட்டும், பொங்கல் போகட்டும்னுதான் இருந்தா."

மச்சான் பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் குடுத்தாரு. புண்ணு ஆறுனதும் அக்காளும் நானும் மல்லசமுத்திரத்துக்கு பஸ் ஏறுனோம். பஸ்ஸு குலுங்கறப்பெல்லாம் அக்கா முந்தானைக்குள்ள கைய வெச்சு நெஞ்ச அழுத்திப் புடிச்சுக்குவா.

"வா சாமி, ஒடம்பு தேவலையா?"ன்னு சித்தப்பா கட்டில எடுத்துப் போட்டாரு. அக்கா உக்காரக்கூட இல்ல, விசயத்தச் சொல்லிட்டா. சித்தப்பா எட்டி வாசலப் பாத்தாரு.

"மெதுவாப் பேசு. கல்யாண ஊடு இது. மாப்ள ஊட்டுக்காரங்க காதுல உழுந்தா என்ன ஆகும்? நீ கோழிய நோண்டுன, உனக்கு வந்துச்சு. என்ற புள்ள கோழியத் தொட்டதே இல்ல."

"சித்தி தொட்டாளுங்களா சித்தப்பா? எங்கம்மா தொட்டாளா? அவங்க சாகறப்ப நம்ம பக்கம் பண்ணையே இல்லீங்களே."

சித்தப்பா தோள்ல கெடந்த துண்ட எடுத்து ஒதறி மறுபடியும் போட்டுக்கிட்டாரு. "நீ கெளம்பு"ன்னாரு.

அக்கா கெளம்பல. நேரா சமையக்கட்டுக்குள்ள போனா. சித்தி மக அரிசி பொடச்சுட்டு இருந்தா. நான் பின்னால போனதும் அக்கா கதவச் சாத்திட்டு ஜாக்கெட்டு ஊக்கக் கழட்டிக் காட்டுனா.

"பாரு புள்ள. பயந்துக்காத. எடுத்தா இப்புடித்தான் இருக்கும். எடுக்காம உட்டா உங்கம்மா மாதிரி."

சித்தி மக வாயப் பொத்திக்கிட்டா. கொஞ்ச நேரங்கழிச்சு ஒத்த வெரலால அந்தத் தழும்பத் தொட்டுப் பாத்தா. "வலிக்குதாக்கா?"

"இல்ல. அந்தப் பக்கம் நல்லாக் காத்தோட்டமா இருக்குது."

அவ சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. அப்பறம் அக்கா கையப் புடிச்சுத் தன்ற கக்கத்துக்கிட்ட வெச்சு, "அப்ப இது என்னக்கா?"ன்னா.

எங்கக்கா மொகத்த நான் அன்னைக்குப் பாத்த மாதிரி வேற எப்பவும் பாத்ததில்ல. ஆனா கொரல்ல நடுக்கமே இல்ல. ஊக்க மாட்டிக்கிட்டு கதவத் தொறந்தா. சித்தப்பா கதவோரத்துலயே நின்னுட்டு இருந்தாரு. எல்லாத்தையும் கேட்டிருப்பாரு.

"நாளைக்குக் காலையில இவளக் கூட்டிக்கிட்டு சேலம் வாங்க. பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். வரலீன்னா நானே வந்து கூட்டிக்கிட்டுப் போவேன். அப்பத் தெருவுக்கே தெரியும். எது வேணுமோ நீங்களே பாத்துக்குங்க."

மறுநா பஸ்ஸு வந்துக்கிட்டும் போயிக்கிட்டும் இருந்துச்சு. அக்கா ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாத்தா. வெயில் ஏறிப்போச்சு. வர மாட்டாங்கன்னு நான் சொல்ல வாயெடுத்தேன், அப்ப சித்தி மக எறங்குனா. பின்னால சித்தப்பா, துண்டத் தலையில போத்திக்கிட்டு.

கட்டி சின்னதுதான், ஆனா அதேதான். பரவறதுக்கு முந்தி எடுத்துட்டாங்க. மாப்ள ஊட்டுக்காரங்க வேற எடம் பாத்துக்கிட்டாங்க. சித்தப்பா எங்க ஊட்டுப் பக்கமே வரல, பேச்சும் இல்ல. சித்தி மக மட்டும் பஸ் ஏறி வருவா. ஊர்ல தறிப் பட்டறைக்கு நூலத் தார்ல சுத்தற வேலைக்குப் போறா, கன்னத்துல சதை வெச்சிருக்குது. அவ வந்து உக்காந்து அக்கா சட்டியில இருந்தே எடுத்துத் திம்பா. அக்கா அவளையே பாத்துக்கிட்டு இருப்பா.

அக்காளுக்கு முதுகெலும்புல வந்துருச்சு. "என்ற கட்டி ஊரு சுத்தக் கெளம்பிருச்சு டாக்டரம்மா"ன்னுதான் ஆஸ்பத்திரியிலயும் சொன்னா. கடேசி மாசம் திரும்பிப் படுக்கக்கூட முடியல. நானும் மச்சானும் பொரட்டி உடுவோம்.

அக்காளக் கெடத்தியிருந்தப்ப ஊரே வந்திருந்துச்சு. பொம்பளைக சுத்தி உக்காந்து அழுதுக்கிட்டு, "எத்தன கோழியத் தூக்கிப் போட்டாளோ, அந்த நோவு அவள உடவே இல்ல பாரு"ன்னு பேசிக்கிட்டாங்க. நான் அக்கா காலப் புடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே இருந்தேன்.

ஆம்பளைக நின்ன பக்கம் இருந்து சித்தப்பா முன்னால வந்தாரு. அவரு வந்ததே எனக்கு அப்பத்தான் தெரியும்.

"கோழி இல்லீங்கம்மா"ன்னாரு. "இது எங்க ஊட்டு நோவுங்க. என்ற பொண்டாட்டிக்கு இருந்துச்சு. என்ற புள்ளைக்கும் வந்துச்சு. இந்தா கெடக்கறாளே, இவ வந்து சண்ட போட்டுக் கூட்டிட்டுப் போனதாலதான் என்ற புள்ள உசுரோட நிக்கறா. நீங்களும் உங்க புள்ளைகளக் கொண்டுபோயிக் காட்டுங்க. மறைக்காதீங்க."

சித்தி மக வந்து எம்பக்கத்துல உக்காந்தா. நான் அழுகைய நிறுத்திட்டு நிமுந்து எல்லாரு மொகத்தையும் பாத்தேன். எங்கக்காடி, எங்கக்கான்னு சொல்லோணும்போல இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் எங்க ஒறம்பரையில ரெண்டு பொம்பளைக எங்கிட்ட ஒதுங்கி வந்து, அந்த டாக்டரம்மாள எந்தக் கெழமையில பாக்கலாம்னு கேட்டாங்க. புதங்கெழமைன்னேன். நானே கூட வாரேன்னேன்.