டெய்சி சிஸ்டரிடம் ‘ஆமாங்க’ செல்லாது

“உங்க பேரு சொல்லுங்க.”

ஆறு மணிக்குச் சொன்னேன். எட்டு மணிக்கும் சொன்னேன். குடல்வால் எடுத்த தையலுக்குக் கட்டு மாற்றப் பத்து மணிக்கு வந்தவர் மறுபடி கேட்டார். “நேத்து இருந்த அதே ஆளுதாங்க சிஸ்டர்” என்றேன். “அது தெரியுமுங்க. பேரச் சொல்லுங்க.” சொன்னேன். என் கையில் கட்டியிருந்த பட்டையோடு ஒத்துப் பார்த்த பிறகே கத்தரியை எடுத்தார்.

டெய்சி சிஸ்டருக்கு வயது நாற்பத்தாறு. நடப்பதெல்லாம் சூலூர் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் மாதிரிதான். பேர் கேட்கும்போது மட்டும் அவசரம் கிடையாது. பேரைத் தானே சொல்லி, “அவருதானுங்களே?” என்று கேட்கவே மாட்டார். தலையாட்டினால் கணக்கில் சேராது. மதியச் சாப்பாடு கொண்டு வரும் கணவர் பிராங்க் என்னிடம் நொந்துகொண்டார்: “கண்ணாலமாகி இருவத்திரெண்டு வருசமாச்சுங்க. தலவலி மாத்திரை கேட்டா எம்பேரக் கேக்கறா.”

இத்தனை கெடுபிடிக்காரர் ஓர் ஊசியை மட்டும் தொடுவதில்லை. இன்சுலின் என்றால் லின்சி சிஸ்டர்தான் வர வேண்டும். ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன். கட்டைப் பிரித்தபடியே சொன்னார்.

நான்கு வருடம் முன்பு இதே வார்டில், மின்விசிறிக் காற்றை விட்டுக்கொடுக்கிறேன் என்று இரண்டு பெரியவர்கள் தங்களுக்குள் கட்டில் மாற்றிக்கொண்டார்கள். இன்சுலினோடு வந்த டெய்சி கட்டில் எண்ணைப் பார்த்து, “வேங்கடசாமிங்களா?” என்றார். அதில் அரைத்தூக்கத்தில் கிடந்த அங்கப்பன் “ஆமாங்க” என்றார். கேட்டவர் மனம் கோணக்கூடாதென்று எதற்கும் ஆமாங்க போடுகிற ஜனம் நாம். நம் வாயிலிருந்து ஓர் ‘இல்லீங்க’ வருவதற்குள் விடிந்துவிடும். சர்க்கரை நோயே இல்லாத மனிதருக்கு அரைமணியில் வியர்த்து, உடம்பு நடுங்கி, கண் செருகியது. டெய்சியே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னார். குளுகோஸ் ஏற்றினார்கள். மதியம் அங்கப்பன் எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டார்.

“அவருக்கு அன்னைக்கே சரியாப்போச்சுங்க. எனக்குத்தான் இன்னும் ஆகல. விசாரிச்சாங்க, இனி இப்படி நடக்கக்கூடாதுன்னு கடுதாசி குடுத்தாங்க. நீ சாப்பிட்டயான்னு ஒருத்தரும் கேக்கலீங்க.”

அதற்குப் பிறகு பேர் சொல்ல நான் சலித்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை எதிர்க்கட்டிலுக்கு வந்து சேர்ந்தவர் சாட்சாத் அந்த அங்கப்பன். இப்போது அவருக்கே சர்க்கரை. லின்சி ஊசியோடு வந்தார்.

“நீ இரு கண்ணு. டெய்சி அம்மணி போடட்டும்.”

வாசலில் நின்ற டெய்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. “என்னால ஆகாதுங்க.”

“அன்னைக்கு ஆமாங்கன்னு சொல்லிப்போட்டவன் நானுங்க. பாதித் தப்பு எம்மேல இருக்குது. வாங்க அம்மணி.”

வந்தார். “உங்க பேரு சொல்லுங்க.”

“அங்கப்பனுங்க.”

பட்டையைப் பார்த்தார். “இன்னொருக்கா சொல்லுங்க.”

“அங்கப்பனேதானுங்க!”

மருந்தின் அளவை லின்சியிடம் இரண்டு முறை காட்டிவிட்டு ஊசியைப் போட்டார். ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, அங்கப்பனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார். இட்லி வந்தது. பிடியை விடவில்லை.

“அம்மணி, சோத்துக்கைய உட்டீங்கன்னாத்தானுங்க நான் திங்க முடியும்.”

டெய்சி வலக்கையை விட்டார். இடக்கையைப் பிடித்துக்கொண்டார்.