கோப்புக் காட்சியில் ஒரு பச்சை கேட்

அந்தக் காட்சி மொத்தம் பன்னிரண்டு நொடி. பச்சை வண்ணம் பூசிய இரட்டை இரும்பு கேட், இடது கதவில் துருப்பிடித்த ஒரு திட்டு, உள்ளே ஒரு வேப்பமரம். ஏழாவது நொடியில் கறுப்புக் குடையோடு ஓர் அம்மாள் விறுவிறுவென்று கேட்டுக்குள் நுழைவார். எடுத்தவன் நான். நுழைபவர் பெரிய டீச்சர். ராஜபாளையத்தில் அந்தப் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை அது. சென்னையில் இருந்த ஒரு செய்தித் தொலைக்காட்சிக்கு நான் அப்போது இந்தப் பக்கத்துச் செய்தியாளன். மாணவிகள் உற்சாகம் என்று நாலு வரி எழுதி, படத்துக்கு 'ஸ்கூல் கேட்' என்று மட்டும் பெயர் வைத்து அனுப்பிவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். ஊர்ப் பெயரும் போடவில்லை, தேதியும் போடவில்லை. என் சோம்பேறித்தனம் எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, வடக்கே எங்கோ ஒரு பள்ளிக்குள் ஒரு மாணவிக்குக் கத்திக்குத்து. அங்கிருந்து படம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. திரையைச் சும்மா விடமுடியாதே, என் பச்சை கேட்டை எடுத்துப் போட்டுவிட்டார்கள். மூலையில் எறும்பு சைஸில் 'கோப்புக் காட்சி', அதாவது பழைய படம், என்று எழுதியிருந்தது. அதை யார் படிப்பார்கள்? கீழே சிவப்பில் ஓடியதைத்தான் ஊர் படித்தது. அரை மணி நேரத்தில் நூல் மில்களிலிருந்து தாய்மார்கள் பள்ளிக்கு ஓடிவந்தார்கள். தலையெல்லாம் பஞ்சு. ஒருத்தி காலில் செருப்புகூட இல்லை. டீச்சர் யாரையும் அதட்டவில்லை. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கேட்டருகே நிறுத்தினார். "அவுகவுக பிள்ளையத் தொட்டுப் பாத்துக்கிடுங்க. பொறவு வேலைக்குப் போங்க" என்றார். அன்று பாடம் நடக்கவில்லை.

அந்த ஆண்டில் அதே கேட் இன்னும் இரண்டு முறை வந்தது. எந்த ஊரில் எந்தப் பள்ளியில் என்ன நடந்தாலும் திரையில் எங்கள் ஊர் கேட்தான். மூன்றாம் முறை வந்தபோது, பக்கத்துத் தேவதானம் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணை அவள் அப்பா கையோடு கூட்டிப் போய்விட்டார். விவசாயி, அதிகம் பேசாதவர். "படிச்சது போதும் டீச்சர். பிள்ள உசுரோட இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண்.

அன்று மாலை டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நீங்க எடுத்த படம்தான தம்பி அது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவர் எதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டு, அந்தப் படத்தை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். மறுமுனையில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "எத்தனை இடத்துல காப்பி ஆகியிருக்குன்னே தெரியல சார். ஸ்கூல்னு அடிச்சாலே அதான் முதல்ல வருது" என்றார். டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே கேட்டையே பார்த்தார். பிறகு, "படத்த மாத்த முடியாதுன்னா கேட்ட மாத்திருவோம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சனிக்கிழமை பெயின்டர் வந்தார். கண்ணைப் பறிக்கிற மஞ்சள். போகிற வருகிறவர்கள் நின்று, "என்ன டீச்சர், கல்யாண மண்டபமாக்கப் போறீகளா?" என்று கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு தேவதானத்துக்குக் கிளம்பினார். என்ன சொல்வதென்று வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த அப்பா வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே காதுகொடுத்தார். நடந்ததை நான் சொன்னேன். படம் எடுத்த காலையில் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப, நீங்க எடுத்துக் குடுத்ததத்தான் அவன் திருப்பித் திருப்பிக் காட்டுதானா?" என்றார். ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் ஆமாம் சொன்னதில்லை. டீச்சர்தான் நடுவில் வந்தார். "நம்ம கேட்டு இப்ப மஞ்சள் அண்ணே. டிவியில பச்ச வந்தா அது நம்ம ஸ்கூல் இல்ல. சந்தேகம்னா எனக்குப் போன் போடுங்க. ஒண்ணுமே நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அப்படி ஏதும் நடந்தா மொதல்ல ஒங்களுக்குத்தான் தெரியும், பொறவுதான் டிவிக்கு." அவர் குனிந்து மறுபடியும் மடையில் மண்ணை வெட்டிப் போட்டார். அந்தப் பெண் வரப்பில் நின்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை நான் வேண்டுமென்றே பள்ளிப் பக்கம் போனேன், கேமரா இல்லாமல். அப்பாவும் மகளும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். அவர் கேட்டின் முன் நின்று, நகத்தால் மஞ்சளை ஒரு இடத்தில் சுரண்டிப் பார்த்தார். உள்ளே கொஞ்சம் பச்சை தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். "போ தாயி" என்று மகளை உள்ளே அனுப்பினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. டீக்கடைக்குள் புகுந்து சமாளித்தேன்.

அவள் படித்தாள். இப்போது கோயம்புத்தூரில் நர்ஸ். நான் அன்றிலிருந்து ஊரும் தேதியும் எழுதாமல் ஒரு படம்கூட அனுப்பியதில்லை. இடையில் வேறு தொலைக்காட்சிக்கு மாறியும்விட்டேன். பெரிய டீச்சர் ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தம்பி வீட்டு மாடியில் இருக்கிறார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே டிவியில் சிவப்பு எழுத்து ஓடியது. எங்கோ ஒரு பள்ளி, யாரோ ஒரு பிள்ளை. டீச்சர் உடனே பள்ளிக்கூடத்து வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டார். அடிபட்ட பிள்ளைக்காகக் கண்ணை மூடி ஒரு நிமிடம் கும்பிட்டார். அதற்குள் திரையில் அதே பச்சை கேட். அணைத்துவிட ரிமோட்டைத் தேடினேன். "இருங்க தம்பி, இப்ப நான் வருவேன்" என்று அவர் முன்னால் குனிந்தார். கறுப்புக் குடை வந்தது. "எம்புட்டு வேகமா நடந்திருக்கேன் பாருங்க. இப்ப வாசல் வரைக்கும் போகவே செவரப் பிடிக்கணும்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போன் அடித்தது. யாரென்றுகூடப் பார்க்காமல் எடுத்து, "மஞ்சள்தான் அண்ணே" என்றார். அந்தத் தேவதானத்து அப்பாவின் குரல் எனக்கே கேட்டது. "அது எனக்குத் தெரியும் டீச்சர். எங்க தெருப் பிள்ளைக ரெண்டு அங்க படிக்குது. அதுக அம்மாமாரு பயந்து போயி இங்க வந்து நிக்காக. நான் சொன்னா நம்ப மாட்டேங்காக. போனக் குடுக்கேன், ஒங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முகம் தெரியாத அந்தத் தாய்மார்களுக்கு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "இப்பத்தான் கேட்டேன் தாயி, பிள்ளைக நல்லா இருக்கு. நம்ம கேட்டு மஞ்சள்." திரையில் அவர் மறுபடியும் குடையோடு பச்சை கேட்டுக்குள் விறுவிறுவென்று நுழைந்துகொண்டிருந்தார்.