மல்லிகாவின் பட்டன் போன்

ஸ்ரீரங்கத்தில் கோயில் சுற்றுலாவுக்கு வேன் விடுகிறேன். எங்கள் தெருவிலேயே மல்லிகாவுக்கும் இதே தொழில். அவள் போனில் ஒரு பட்டனை அமுக்கி, "யாருப்பா ஜங்ஷன் பக்கம் இருக்கீங்க?" என்பாள். நம்பர் போடாமல், ரிங் போகாமல், வாக்கிடாக்கி மாதிரி அவளுடைய டிரைவர்கள் உடனே பதில் சொல்வார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பொறுக்க முடியாமல் நானும் மாதக் கட்டணம் கட்டி அந்தச் சேவையை வாங்கினேன்.

ஆடி வெள்ளியன்று இரண்டு வேன்களில் சமயபுரம் போனோம். தரிசனம் முடிந்து பார்த்தால், எங்களுடன் வந்த வயதான அம்மா ஒருவரைக் காணவில்லை. அவரிடம் போனும் கிடையாது. டிரைவர்களைத் தேடச் சொல்லப் பட்டனை அமுக்கினேன். அந்தக் கூட்டத்தில் நெட்வொர்க் சுத்தமாக இல்லை. கடை கடையாக நானே ஓடித் தேடினேன்.

அப்போது, அன்று தன் ஆட்களோடு அங்கே வந்திருந்த மல்லிகாவே அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "உங்க ஆளுதானேக்கா? என்னைப் பார்த்துத் தெரிஞ்ச முகமா இருக்கேன்னு எங்களோட வந்து உட்கார்ந்துட்டாங்க."

நன்றிகூடச் சொல்லாமல், "உன் பட்டன் மட்டும் வேலை செய்யுதா?" என்று கேட்டேன்.

"இங்க எதுவும் எடுக்காதுக்கா. அதான் இறங்கும்போதே எல்லாருக்கும் அந்தத் தேங்காய்க் கடையைக் காட்டிடுவேன். முடிச்சதும் நேரா அங்க வந்துடுவாங்க."

என் இரண்டு வேனுக்குச் சாதாரண போனே போதுமென்று சேவையை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் இறங்கும்போதே கூடும் இடத்தைக் காட்டிவிடுகிறேன். அதே தேங்காய்க் கடைதான். மல்லிகா வருவதற்குள் என் வேன் அங்கே போய் நின்றுவிடும்.